டாக்டருக்கு போன் பண்ணவே கை நடுங்குது, சாஃப்ட் ஸ்கில் கோர்ஸ் சேரலாமா?

கேள்வி, ஜூன் 3, மாலை 6.15

யாராவது சீனியர் அக்கா இருந்தா சொல்லுங்க. ஜிஎன்எம் நர்சிங் முடிச்சு ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில சர்ஜிகல் வார்டுல சேந்து மூணு மாசம் ஆச்சு. ஊசி, கேனுலா, டிரஸ்ஸிங் எதுலயும் பயம் இல்ல. ஆனா நைட்ல ட்யூட்டி டாக்டருக்கு போன் பண்ணணும்னாலே கை நடுங்குது, என்ன சொல்ல வந்தேன்னே மறந்துடுது. இங்கிலீஷும் கோர்வையா வராது. உனக்கு சாஃப்ட் ஸ்கில் இல்லன்னு மேனேஜர் சொல்லிட்டாங்க. ஒரு இடத்துல 20 நாள் கோர்ஸுக்கு 8,000 ரூபா கேக்கறாங்க, அது என் சம்பளத்துல பாதிக்கு மேல. சேரலாமா?

ஜூன் 3, இரவு 9.40

சேராத. அந்த காசை வீட்டுக்கு அனுப்பு.

நான் 17 வருஷமா வார்டுல இருக்கேன், அதுல 6 வருஷம் இன்சார்ஜ். அந்த மாதிரி கோர்ஸ்ல எப்படி கை குலுக்கறது, எப்படி சிரிக்கறது, உன்னைப் பத்தி ரெண்டு நிமிஷம் இங்கிலீஷ்ல பேசு, இதெல்லாம் சொல்லித் தருவாங்க. இன்டர்வ்யூக்கு அது உதவும், இல்லன்னு சொல்லல. நைட் ரெண்டு மணிக்கு தூங்கற டாக்டரை எழுப்பி அவரை மாடி ஏற வைக்கறதுக்கு அது எதுவும் உதவாது, அது வேற வித்தை.

நான் அதை கத்துக்கிட்ட ராத்திரியை சொல்றேன். வேலைக்கு வந்து ரெண்டாவது வருஷம். 14வது பெட்ல 46 வயசு அம்மா, முந்தின நாள் காலைல கர்ப்பப்பை எடுத்த கேஸ். ராத்திரி 11 மணிக்கு பிபி 130/80, பல்ஸ் 88. அப்புறம் பாத்தப்ப 110/70, பல்ஸ் 104. எனக்கு மனசுக்கு சரியா படல. போன் போட்டேன். என்ன சொன்னேன் தெரியுமா, "சார், 14 பெட் அம்மாவுக்கு பிபி கொஞ்சம் கம்மியா இருக்கு, ஒரு மாதிரி இருக்காங்க." அவர் "ஒரு பாட்டில் என்எஸ் ஓட்டுங்க சிஸ்டர், பாத்துக்கலாம்"னு வச்சிட்டார். என்எஸ்னா டிரிப்ஸ்ல ஏத்தற உப்புத் தண்ணி. ஓட்டினேன். மறுபடி பாத்தேன், 100/60. மறுபடி போன், மறுபடி அதே "கொஞ்சம் கம்மி". "வேகமா ஓட்டுங்க"ன்னார். மூணாவது தடவை பாக்கறப்ப 90/60, பல்ஸ் 124, யூரின் பைல ஒரு மணி நேரத்துல 20 எம்எல்தான் இறங்கியிருக்கு. நான் மறுபடி ரிசீவரை கைல எடுக்கறேன், எங்க வார்டு ஆயாம்மா வந்து நின்னாங்க. "அந்த பொண்ணு மூஞ்சி வெளிறிப்போச்சு, கையெல்லாம் சில்லுனு இருக்கு, நீ என்ன போன்லயே கெடக்க, போய் கூட்டிட்டு வா தாயி"ன்னாங்க. அப்பத்தான் எனக்கு உறைச்சது. கீழ ஓடிப்போய் ட்யூட்டி ரூம் கதவைத் தட்டினேன். அவர் வந்து ஒரு நிமிஷம் பாத்தார், வயித்துல கை வச்சார், உடனே சீஃபுக்கு போன் பண்ணிட்டார். உள்ள பிளீடிங். ஆபரேஷன் தியேட்டருக்கு கொண்டு போனாங்க, நாலு யூனிட் ரத்தம் ஏத்தினாங்க. அந்த அம்மா பொழைச்சு ஒன்பதாவது நாள் நடந்து வீட்டுக்குப் போனாங்க.

ஒரு மணி நேரம் நான் வீணாக்கினேன். எனக்கு தெரியும், அவருக்கு தெரியாது, தெரிஞ்சதை அவர் மண்டைக்குள்ள போற மாதிரி சொல்ல எனக்கு வரல. உனக்கும் அதேதான், நடுக்கம் அப்புறம்.

ஜூன் 3, இரவு 10.05

அன்னிக்கு நான் என்ன சொல்லியிருக்கணும்னு கேட்டிருக்க. இது:

"சார், மூணாவது மாடி சர்ஜிகல் வார்டு ஸ்டாஃப் பேசறேன். 14வது பெட், 46 வயசு, நேத்து காலைல கர்ப்பப்பை எடுத்த கேஸ். 11 மணிக்கு பிபி 130/80, பல்ஸ் 88. இப்ப 90/60, பல்ஸ் 124. என்எஸ் ஒரு பாட்டில் போயும் ஏறல. யூரின் கடைசி ஒரு மணி நேரத்துல 20 எம்எல். ஆள் வெளிறி, கை சில்லுனு இருக்கு. உள்ள பிளீடிங் இருக்குமோன்னு எனக்கு பயமா இருக்கு. நீங்க இப்பவே வந்து பாக்கணும் சார்."

வாய்விட்டு படிச்சுப் பாரு. அரை நிமிஷம் கூட ஆகாது. இதைக் கேட்டுட்டு எந்த டாக்டரும் திரும்பி படுக்க முடியாது.

ஜூன் 4, காலை 5.50

தூக்கம் வரல, அதனால மீதியையும் எழுதிடறேன்.

மேல எழுதினது என் சொந்த சரக்கு இல்ல. எஸ்பார்னு சொல்வாங்க, நாலு துண்டு. இப்ப என்ன நடக்குது, இதுக்கு முன்னாடி கதை என்ன, நான் என்ன நினைக்கறேன், உங்ககிட்ட எனக்கு என்ன வேணும். அமெரிக்க கடற்படையோட நீர்மூழ்கிக் கப்பல்ல ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் விஷயம் சொல்ற முறைல இருந்து வந்தது. 2000-களோட தொடக்கத்துல கைசர் பெர்மனென்ட்டேன்னு அங்க இருக்கற ஒரு பெரிய ஆஸ்பத்திரி குழுமம் இதை எடுத்து நர்ஸும் டாக்டரும் பேசறதுக்கு மாத்தினாங்க. 2007-ல உலக சுகாதார நிறுவனம் நோயாளி பாதுகாப்புக்குன்னு 9 வழிமுறை வெளியிட்டுச்சு, அதுல ஒண்ணு ஷிப்ட் மாறும்போது கேஸை ஒப்படைக்கறது எப்படிங்கறது. அதுலயும் இதைத்தான் சொன்னாங்க. எங்க ஆஸ்பத்திரில ஒரு நாள் கிளாஸ் எடுத்து, லேமினேட் பண்ணி சுவத்துல ஒட்டி வச்சாங்க. ஒட்டினதோட சரி, யாரும் திரும்பிப் பாக்கல. எனக்கு உதவினது சுவத்துல இருந்த தாள் இல்ல, போனை எடுக்கறதுக்கு முன்னாடி துண்டு பேப்பர்ல நாலு வரி எழுதற பழக்கம்தான்.

நாலுல மொத ரெண்டு எல்லாருக்கும் வந்துடும். மூணாவதும் நாலாவதும்தான் நமக்கு தொண்டைல நிக்கும். "நான் என்ன நினைக்கறேன்"னு சொன்னா, நீ யாரு நினைக்கறதுக்குன்னு கேட்டுடுவாங்களோன்னு பயம். "நீங்க வரணும்"னு சொன்னா டாக்டருக்கே உத்தரவு போடற மாதிரி ஆயிடுமோன்னு பயம். நம்ம ஊர்ல பெரியவங்ககிட்ட பேசும்போது முடிவை அவங்க வாய்ல இருந்து வர வைக்கணும்னு சின்ன வயசுல இருந்தே பழக்கியிருக்காங்க. கல்யாண வீட்ல அது நல்ல பழக்கம். வார்டுல அதை கழட்டி வைக்கணும். "சார்"ங்கற மரியாதை அப்படியே இருக்கட்டும், விஷயம் மட்டும் நேரா போகட்டும்.

ஜூன் 4, மதியம் 1.20

இங்கிலீஷ் பத்தி தனியா கேட்டிருந்த. எங்க வார்டுல ராத்திரி போன் எல்லாம் தமிழ்தான், நடுவுல மருந்து பேரும் நம்பரும் மட்டும் இங்கிலீஷ். உங்க டாக்டர் மலையாளியோ தெலுங்கோ இருந்தா மட்டும் நாலு வரியை இங்கிலீஷ்ல முன்னாடியே எழுதி வச்சுக்கோ, இலக்கணம் போனா போகட்டும்.

ஆனா ஒண்ணு, இது ரொம்ப முக்கியம். இங்கிலீஷ்ல ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போன்ல ஒண்ணு போலவே கேக்கும். நான் எப்பவும் ஆர்டரைத் திருப்பி சொல்வேன், "சார், ஒன் ஃபைவ், பதினஞ்சு, சரியா?" பதினஞ்சையும் அம்பதையும் எந்த இரைச்சல்லயும் மாத்திக் கேக்க முடியாது, இதுல தமிழ் நமக்கு பெரிய துணை. திருப்பிச் சொல்ல கூச்சப்படாத. ஒரு டாக்டர் "என்ன சிஸ்டர், கிளிப்பிள்ளை மாதிரி"ன்னார் ஒரு தடவை. ஆமா சார்னு சொல்லிட்டு மறுபடியும் சொன்னேன்.

ஜூன் 5, இரவு 8.30

"இதெல்லாம் பேப்பர்ல நல்லாருக்கும், எங்க டாக்டர் திட்டுவார், அதனாலதான் ஜாடையா சொல்றோம்"னு ஒருத்தங்க எழுதியிருக்காங்க. சரிதான், திட்டுவாங்க. ஆனா ஜாடை என்ன பண்ணும்னு கேளுங்க.

1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவு, பனிமூட்டம். ரன்வேல கேஎல்எம் கம்பெனியோட ஜம்போ விமானம் ஒண்ணு கிளம்ப ஆரம்பிச்சிடுச்சு, அதே ரன்வேல பான்ஆம் கம்பெனியோட ஜம்போ இன்னும் இருக்கு. கேஎல்எம் விமானத்தோட ஃப்ளைட் இன்ஜினியருக்கு சந்தேகம் வந்துச்சு. அவர் "நிறுத்துங்க"ன்னு சொல்லல. அந்த பான்ஆம் இன்னும் விலகலையோங்கற மாதிரி ஒரு கேள்வியா கேட்டார். கேப்டன் பெரிய அனுபவசாலி, விலகிடுச்சுன்னு அழுத்தமா சொல்லிட்டார், அதோட பேச்சு முடிஞ்சது. ரெண்டும் மோதி 583 பேர் செத்தாங்க. எனக்கு முதல்ல இதைப் படிச்சப்ப "ஒரு மாதிரி இருக்காங்க சார்"ங்கற என் குரல்தான் காதுல கேட்டுச்சு. விமானத்துறைல இப்ப இதுக்குன்னே பயிற்சி இருக்கு, கீழ இருக்கறவன் எப்படி அழுத்திச் சொல்றது, மேல இருக்கறவன் எப்படி கேக்கறதுன்னு.

நம்ம துறைலயே வேணுமா? 2005, இங்கிலாந்து. ஒரு பெண்ணுக்கு சாதாரண சைனஸ் ஆபரேஷன், மயக்கம் கொடுத்ததும் மூச்சுக்குழாய் அடைச்சுக்கிச்சு. அனுபவமான டாக்டர்கள் குழாய் போடறதுலயே திரும்பத் திரும்ப மும்முரமா இருந்துட்டாங்க. ஒரு நர்ஸ் கழுத்துல துளை போடற செட்டை கொண்டு வந்து, தயாரா இருக்குன்னு சொன்னாங்க. இன்னொருத்தர் ஐசியூல பெட் கேட்டு வச்சாங்க. ரெண்டு பேருக்கும் என்ன பண்ணணும்னு தெரிஞ்சிருக்கு. ஆனா அது மத்தவங்க காதுக்குள்ள போகல. அந்த அம்மா கண்ணு முழிக்கவே இல்ல, சில நாள்ல போயிட்டாங்க. அவங்க கணவர் மார்ட்டின் ப்ரோமிலி ஒரு விமானி. தன் தொழில்ல இதுக்கு பயிற்சி இருக்கே, ஆஸ்பத்திரில ஏன் இல்லன்னு கேட்டு, 2007-ல அதுக்காகவே ஒரு அமைப்பு ஆரம்பிச்சார்.

செட்டை கொண்டு வந்து வச்ச அந்த நர்ஸை நான் அடிக்கடி நினைச்சுக்குவேன். அவங்க வேலையை முழுசா செஞ்சாங்க. ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி.

ஜூன் 6, காலை 10.10

ரெண்டு திருத்தம்.

விமானத்துறை பயிற்சி டெனரிஃப் ஒண்ணால மட்டும் வந்ததில்ல. அடுத்த வருஷம், 1978 டிசம்பர் 28, அமெரிக்கால போர்ட்லாண்ட் பக்கம் யுனைடெட் விமானம் ஒண்ணு, சக்கரம் இறங்குனதா இல்லையான்னு பாத்துக்கிட்டே வானத்துல சுத்தி எரிபொருள் தீந்து விழுந்துச்சு. 10 பேர் செத்தாங்க. எரிபொருள் குறையறதை ஃப்ளைட் இன்ஜினியர் சொல்லிக்கிட்டுதான் இருந்தார், ஆனா அழுத்தமா இல்ல. 1979-ல நாசா ஒரு பயிலரங்கு நடத்துச்சு, 1981-ல யுனைடெட் கம்பெனியே முழு பயிற்சியா ஆரம்பிச்சது.

இன்னொண்ணு என் கதைல. ஒரு மணி நேரம் வீணாக்கினேன்னு எழுதினேன். பழைய டைரியை பரண்ல இருந்து எடுத்துப் பாத்தேன். முதல் போன் 1.10. கதவைத் தட்டினது 3.05. கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். இத்தனை வருஷமா மனசு அதை பாதியா சுருக்கி வச்சிருக்கு.

ஜூன் 6, இரவு 11.30

அந்த டாக்டரைப் பத்தியும் காலைல இருந்து யோசிக்கறேன். 3-ந்தேதி எழுதினதைப் படிச்சா அவர் அலட்சியம்னு தோணும். அவர் அன்னிக்கு முந்தின நாள் காலைல இருந்து ட்யூட்டி, மூணு மாடிக்கும் அவர் ஒருத்தர்தான், அப்ப வயசு 25, 26 இருக்கும். நான் கொடுத்தது "கொஞ்சம் கம்மி". அதுக்கு அவர் கொடுத்த பதில் அந்த அளவுக்கு சரியான பதில்தான்.

ஆனா, அவர் "எவ்வளவு சிஸ்டர்?"னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். ஒரே வார்த்தை. கேக்கறவன் பக்கமும் பாதி வேலை இருக்கு. மருத்துவப் படிப்புல 2019-ல இருந்து நடத்தை, அறம், பேச்சு இதுக்குன்னு தனி பாடம் வச்சிருக்காங்க, புதுசா வர்ற பசங்ககிட்ட வித்தியாசம் தெரியுது. "நம்பர் சொல்லுங்க சிஸ்டர், எழுதிக்கறேன்"னு ஒரு பையன் போன வாரம் சொன்னான், எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

ஜூன் 8, மாலை 4.45

அட்டெண்டர்ங்ககிட்ட, அதான் நோயாளிகூட இருக்கற சொந்தக்காரங்ககிட்ட, எப்படி பேசறதுன்னு கேட்டிருக்கீங்க. டாக்டர்கிட்ட பேசறதை விட இது கஷ்டம், நான் இதுல பட்ட அடி பெருசு.

"ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க." இதை நாம ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்றோம். ஆறுதல்னு நினைச்சு சொல்றோம். ஒரு அய்யா, ஆபரேஷன் முடிஞ்சு நல்லாத்தான் இருந்தார். அவர் பொண்ணு என் கையைப் புடிச்சு கேட்டப்ப நானும் அதேதான் சொன்னேன். மறுநாள் விடியக்காலைல அவர் போயிட்டார். அந்த பொண்ணு கத்தல, சண்டை போடல. என்கிட்ட வந்து "நீங்கதானே சிஸ்டர் சொன்னீங்க"ன்னு மட்டும் கேட்டுச்சு. நாலஞ்சு நாள் சோறு இறங்கல எனக்கு.

அதுக்கப்புறம் அந்த வாக்கியத்தை விட்டுட்டேன். இப்ப என்ன பண்றேன்னா, முதல்ல ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருவேன், நின்னுக்கிட்டு பேச மாட்டேன். அடுத்து, "டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னார்?"னு கேப்பேன். புற்றுநோய் டாக்டர்கள் கெட்ட செய்தி சொல்றதுக்கு ஸ்பைக்ஸ்னு ஆறு படி வச்சிருக்காங்க, 2000-ல வந்தது. அதுலயும் முதல்ல இடத்தை சரி பண்ணு, அடுத்து அவங்களுக்கு ஏற்கனவே என்ன தெரியும்னு கேளு, அப்புறம்தான் சொல்லுன்னு வரிசை. பல நேரம் அவங்க மனசுல இருக்கற பயம் நாம நினைக்கறது இல்ல. ஒருத்தர் ரொம்ப கோவமா இருந்தார், கேட்டா, அம்மாவுக்கு காலைல இருந்து பல்லு செட்டைக் காணோம்.

சாவுச் செய்தி, நோய் மோசமாகுதுங்கறது எல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியது, அதை நீ சுமக்காத. உன்னால உறுதியா சொல்ல முடிஞ்சது நேரம். "10 மணிக்கு டாக்டர் வருவார், வந்ததும் உங்களைக் கூப்பிடறேன்." சொல்லிட்டா 10 மணிக்கு போய் நிக்கணும். டாக்டர் வரலையா, போய் "இன்னும் வரல, ஆபரேஷன்ல இருக்கார், 11 ஆகும்"னு சொல்லணும். வார்டுல நான் பாத்த பாதி கத்தல் நோயால வரல, ரெண்டு மணி நேரமா யாரும் ஒண்ணும் சொல்லலங்கறதால வந்தது. கை ஓங்கற அளவுக்குப் போறது வேற. அதுக்கு தமிழ்நாட்டுல 2008-ல இருந்தே தனிச் சட்டம் இருக்கு, அப்ப சாமர்த்தியமா பேசிக்கிட்டு நிக்காத, செக்யூரிட்டியைக் கூப்பிட்டு தள்ளி வந்துடு.

ஜூன் 8, மாலை 5.10

மேல எல்லாம் ரொம்ப கனமா போச்சு, இதையும் படிங்க. வலி எவ்வளவுன்னு பத்துக்கு மார்க் போடச் சொல்லி கேப்போம்ல. முட்டி ஆபரேஷன் பண்ண ஒரு பாட்டிகிட்ட கேட்டேன். "பத்தா? பத்துன்னா என் மாமியார் இருந்த காலம் கண்ணு, இது ஆறு போட்டுக்க"ன்னாங்க. வார்டே சிரிச்சுது. ஆனா அதுலயும் ஒண்ணு இருக்கு, அந்த பாட்டியோட ஆறு நம்ம எட்டு. மருந்தை அதுக்கு ஏத்த மாதிரி கேட்டு வாங்கினேன்.

ஜூன் 11, இரவு 10.50

இதை எழுதலாமா வேணாமான்னு மூணு நாள் யோசிச்சேன்.

நான் இன்சார்ஜ் ஆன புதுசுல ஒரு பொண்ணு, உன்னை மாதிரி புதுசு, ஒரு ஆன்டிபயாடிக் டோஸை மறந்துட்டா. மதியம் 2 மணி டோஸ். எனக்கு 5 மணிக்கு சார்ட் பாக்கும்போதுதான் தெரிஞ்சது. ஏன்மா சொல்லலன்னு கேட்டா, பேசாம நின்னா. வேற ஒரு ஸ்டாஃப்தான் அப்புறம் சொன்னாங்க, அவளுக்கு 3 மணிக்கே ஞாபகம் வந்துடுச்சாம், என்கிட்ட சொல்ல ரெண்டு தடவை நர்சிங் ஸ்டேஷன் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கா. ஏன்னா அதுக்கு முந்தின வாரம் சொட்டு மருந்து லேபிள் விஷயத்துல அவளை எல்லார் முன்னாடியும் கிழிச்சிருந்தேன்.

கதவைத் தட்ட எனக்கு ரெண்டு மணி நேரம், அவளுக்கும் ரெண்டு மணி நேரம். இந்த தடவை உள்ள இருந்த ஆள் நான். இங்க இத்தனை நாளா எழுதினதுல பெரும்பாலும் சின்னவங்க எப்படி பேசணும்னுதான் இருக்கு. அது பாதிதான்.

அவளை உக்கார வச்சு மன்னிப்பு கேட்டேன். அதுக்கப்புறம் ஷிப்ட் மாறும்போது கேஸை ஒப்படைக்கற ஹேண்டோவர் முடியும்போது "வேற எதாவது இருக்கா?"னு கேக்கறதை நிறுத்திட்டேன், அதுக்கு எல்லாரும் "இல்ல சிஸ்டர்"னுதான் சொல்வாங்க. "இன்னிக்கு எது உனக்கு மனசுக்கு உறுத்துச்சு?"னு கேக்கறேன், கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு காத்திருக்கேன். முதல் ஒரு மாசம் யாரும் எதுவும் சொல்லல. அப்புறம் வர ஆரம்பிச்சது.

பேர் சொல்றதும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2008-ல கொண்டு வந்த ஆபரேஷன் செக்லிஸ்ட்ல 19 விஷயம், அதுல ஒண்ணு, கத்தி வைக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் தன் பேரும் வேலையும் சொல்லணும். டெல்லி உட்பட 8 ஊர்ல பாத்தப்ப இறப்பு 1.5 சதவீதத்துல இருந்து 0.8 ஆச்சு, 2009-ல வெளிவந்தது. பேர் சொன்னதால மட்டும்னு சொல்ல மாட்டேன், மொத்த செக்லிஸ்டோட பலன் அது. ஆனா ஒரு தடவை வாயைத் திறந்து தன் பேரைச் சொன்னவங்களுக்கு ரெண்டாவது தடவை திறக்கறது சுலபம், இதை ஆபரேஷன் தியேட்டர்ல கண்ணால பாத்திருக்கேன். 14வது பெட்டுக்காக என்னைத் தள்ளிவிட்ட ஆயாம்மா பேரை நான் கேட்டதே அந்த ராத்திரிக்கு அப்புறம்தான், ஒண்ணரை வருஷம் ஒண்ணா வேலை பாத்துட்டு.

ஜூன் 14, காலை 7.20

நீ நேத்து ராத்திரி போட்டது இப்பத்தான் படிச்சேன். 22வது பெட், ரத்தத்துல ஆக்சிஜன் சாச்சுரேஷன் 97-ல இருந்து 88, மூச்சு நிமிஷத்துக்கு 32, ஆக்சிஜன் வச்சாச்சு, வந்து பாக்கணும் சார், இவ்வளவையும் துண்டு பேப்பர்ல எழுதி படிச்சிருக்க, டாக்டர் ஆறு நிமிஷத்துல வந்திருக்கார். கை நடுங்கிச்சுன்னு எழுதியிருக்க. நடுங்கட்டும், எனக்கு இன்னும் நடுங்கும்.

பேப்பரை போட்டோ எடுத்துப் போட்டிருக்கியே, அதுல முதல் வரியா "தூக்கத்துல தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும் சார்"னு இருக்கு. அதை அடிச்சிடு. மீதி அப்படியே இருக்கட்டும்.